ஒழுங்கில் பிறக்கும் வலிமை: ரப்பர் இழையும் காந்தமும்



பால்மரக் காட்டில் உளி பிடித்துப் பழகிய கைகளுக்கு ரப்பரைப் பற்றி நான் புதிதாக என்ன சொல்லிவிட முடியும்? பட்டையை எவ்வளவு ஆழம் சீவ வேண்டும், விடியற்காலைக் குளிர்ச்சியில் பால் எப்படி ஓடும், வெயில் ஏறினால் எப்படிக் குறையும், மழை வந்தால் எவ்வளவு வீணாகும் என்பதையெல்லாம் நீங்களே எனக்குச் சொல்லித் தரக் கூடியவர்கள். இன்று ஜொகூரில் பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. ஆனாலும் ரப்பரைத் தொட்டறியாத குடும்பம் நம்மிடையே குறைவு. ஆகவே, நம் கை நன்கு அறிந்த ஒரு பொருளை இன்று கொஞ்சம் உள்ளே புகுந்து பார்ப்போம்.

இரண்டு கேள்விகளை எடுத்துக்கொள்வோம். ரப்பருக்கு அதன் வலிமை எங்கிருந்து வருகிறது? இது முதல் கேள்வி. அந்த வலிமைக்குக் காரணமான ஒழுங்கை ஒரு காந்தத்தால் உண்டாக்க முடியுமா? இது இரண்டாம் கேள்வி. இந்த இரண்டாம் கேள்வி ஏட்டுப் படிப்போடு நின்றுவிடுவதன்று. காந்தக் காப்பு, காந்தத் தண்ணீர் என்று சொல்லிச் சம்பள நாளில் விற்க வருகிறவரிடம் நாம் என்ன கேட்க வேண்டும் என்பதையும் அது நமக்குச் சொல்லித் தரும்.

மரத்திலிருந்து வடியும் பாலில் பெரும்பகுதி தண்ணீர். அதில் மிதக்கும் நுண்ணிய துளிகளே ரப்பர். அதில் திராவகம் ஊற்றினால் துளிகள் ஒன்றுசேர்ந்து உறைகின்றன. உறைந்ததை உருளையில் கொடுத்துத் தகடாக்கிப் புகையில் காய வைத்தால் ரப்பர் சீட் கிடைக்கிறது. அந்தச் சீட்டை மேலும் மேலும் சிறு துண்டுகளாக நறுக்கிக்கொண்டே போனால் கடைசியில் எது மிஞ்சும்?

இங்கிலாந்தின் புகழ்பெற்ற அறிஞர் மைக்கேல் ஃபாரடே 1826ஆம் ஆண்டில் இதை ஆராய்ந்தார். ரப்பரில் இருப்பவை கார்பன், ஹைட்ரஜன் என்னும் இரண்டு பொருள்கள் மட்டுமே என்றும், 5 கார்பன் அணுக்களுக்கு 8 ஹைட்ரஜன் அணுக்கள் என்ற விகிதத்தில் அவை இருக்கின்றன என்றும் கண்டார். அந்த ஐந்தும் எட்டும் சேர்ந்த சிறு கணுவுக்கு ஐசோப்ரீன் என்று பெயர். ஃபாரடேயின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காந்தத்தைப் பற்றிப் பேசும்போது அவர் மறுபடியும் வருவார்.

இந்தக் கணுக்கள் ஒன்றோடொன்று எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்பது நெடுங்காலம் விளங்காமல் இருந்தது. 1920ஆம் ஆண்டில் ஜெர்மன் நாட்டு அறிஞர் ஹெர்மன் ஸ்டாவுடிங்கர் ஒரு விளக்கம் சொன்னார். பூச்சரத்தில் பூக்கள் வரிசையாக நிற்பதுபோல, ஆயிரக்கணக்கான கணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிணைந்து ஒரே நீண்ட இழையாக இருக்கின்றன என்றார். அந்நாளில் பலர் அதை ஏற்கவில்லை. பிறகு சோதனைகள் அவர் பக்கம் நின்றன. 1953இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இப்படி ஒரே வகைக் கணு பலமுறை அடுக்கி வந்த நீண்ட மூலக்கூறுக்குப் பாலிமர் என்று பெயர். ரப்பர் ஒரு பாலிமர். பிளாஸ்டிக் வாளி ஒரு பாலிமர். பஞ்சும் பாலிமர். நம் தோலுக்கு உறுதி தரும் தசைநார்ப் பொருளும் பாலிமரே.

இனி, ஒழுங்கு என்றால் என்ன என்று பார்ப்போம். இதற்கு நம் ஜொகூர் மண்ணிலேயே ஒரு பழைய சான்று இருக்கிறது.

பால்மரம் இந்நாட்டுக்கு வருவதற்கு முன்பே இங்குள்ள காடுகளில் தாபான் என்ற மரம் இருந்தது. அதன் பால் உறைந்தால் கிடைப்பது கெத்தா பெர்ச்சா. 1840களில் ஐரோப்பியர் இதன் பயனை அறிந்துகொண்டதும் விலை ஏறியது. ஜொகூரின் தெமெங்கோங் டாயிங் இப்ராகிம் அந்த வாணிபத்தில் பெருஞ்செல்வம் ஈட்டினார். 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடியில் போட்ட தந்திக் கம்பிக்கு மேலுறையாக இருந்தது இந்தக் கெத்தா பெர்ச்சாதான். அதற்காகக் காட்டு மரங்களை வெட்டிச் சாய்த்தார்கள். மரங்கள் அருகிப் போயின.

வியப்பு என்னவென்றால், கெத்தா பெர்ச்சாவிலும் இருப்பது அதே ஐசோப்ரீன் கணுதான். அதே ஐந்து கார்பன், அதே எட்டு ஹைட்ரஜன். ஆனால் ரப்பர் இழுத்தால் நீள்கிறது, விட்டால் சுருங்குகிறது. கெத்தா பெர்ச்சாவோ மரக்கட்டை போல் விறைத்து நிற்கிறது. வெந்நீரில் போட்டால் மட்டும் இளகுகிறது. பொருள் ஒன்றாக இருக்கக் குணம் ஏன் வேறாயிற்று?

கணுக்கள் திரும்பியிருக்கும் திசையே காரணம். ரப்பரில் ஒவ்வொரு கணுவிலும் இழை ஒரே பக்கமாக மடிந்து செல்கிறது. ஆகவே இழை நெளிந்து சுருண்டு, பக்கத்து இழையோடு ஒட்டி அடங்காமல் கிடக்கிறது. கெத்தா பெர்ச்சாவில் ஒரு கணுவின் இரு முனைகளும் எதிரெதிர்ப் பக்கமாக அமைந்துள்ளன. ஆகவே இழை நேராக நீண்டு, விறகைக் கட்டாக அடுக்கியதுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடுகிறது. எந்தப் பொருளால் ஆனது என்பது பாதிச் செய்திதான். எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பது மீதிச் செய்தி.

அப்படியானால் ரப்பரில் ஒழுங்கே கிடையாதா? உண்டு. ஆனால் அதை வரவழைக்க வேண்டும். இதை நீங்கள் இப்போதே சோதித்துப் பார்க்கலாம். அகலமான ரப்பர் வளையம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதை உதட்டருகே பிடித்து, சட்டென்று நன்றாக இழுத்து, உடனே உதட்டில் வையுங்கள். இளஞ்சூடு தெரியும். சற்று நேரம் இழுத்த நிலையிலேயே வைத்திருந்து, சட்டென்று தளர்த்தி மறுபடி உதட்டில் வையுங்கள். இப்போது குளிர்ச்சி தெரியும். சிறு பிள்ளைகள் செய்யும்போது வளையம் அறுந்து கண்ணில் அடிக்காதபடி பெரியவர்கள் பக்கத்தில் இருங்கள். இந்தச் சோதனையைப் பற்றி 1805இல் எழுதியவர் ஜான் காஃப் என்ற ஆங்கிலேயர். அவர் சிறுவயதிலேயே அம்மையால் பார்வை இழந்தவர். கண் செய்யாததை அவருடைய உதடு செய்தது.

சூடு ஏன் வருகிறது? இழுக்காத ரப்பரில் இழைகள் சிக்கலாகக் கிடந்து ஓயாமல் அசைந்துகொண்டிருக்கின்றன. இழுக்கும்போது அவை நிமிர்ந்து, பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசை கட்டுவதுபோல் ஒரே திசையில் நிற்கின்றன. நீங்கள் இழுத்த உழைப்பு இழைகளை அப்படி நிறுத்துவதில் செலவாகி வெப்பமாக வெளிவருகிறது. தளர்த்தினால் இழைகள் மறுபடி கலைகின்றன. அப்போது வெப்பத்தை உள்ளே வாங்கிக்கொள்வதால் குளிர்கிறது. 1925இல் காட்ஸ் என்ற டச்சு அறிஞர், இழுத்த ரப்பரின் ஊடே எக்ஸ் கதிரைச் செலுத்திப் படம் எடுத்தார். இழுக்காத ரப்பர் திரவம்போல் மங்கலான வளையத்தைக் காட்டியது. இழுத்த ரப்பரோ உப்பு, கற்கண்டு போன்ற படிகங்கள் காட்டுவதைப்போலத் தெளிவான புள்ளிகளைக் காட்டியது. இழைகள் அடுக்கி நின்று சிறு சிறு படிகங்கள் ஆகிவிட்டன என்பதற்கு அதுவே சாட்சி.

இதில்தான் உங்கள் பால்மரத்தின் பெருமை இருக்கிறது. டயரில் ஒரு கீறல் விழுந்தால், அந்தக் கீறலின் முனையில்தான் ரப்பர் மிக அதிகமாக இழுபடுகிறது. அதிகமாக இழுபட்ட இடத்திலேயே படிகம் உண்டாகிறது. படிகம் உண்டான இடம் உறுதியாகிக் கீறல் மேலே ஓடாமல் தடுக்கிறது. காயம் படுகிற இடத்துக்குத் தானே ஓடிவந்து கட்டுப் போடுவது போன்ற வேலை இது. கணுக்கள் எல்லாம் பிசகின்றி ஒரே விதமாகத் திரும்பியிருந்தால்தான் இழைகள் இப்படி அடுக்கி நிற்க முடியும். பால்மரம் அந்தப் பிசகின்மையைத் தன் பட்டைக்குள்ளேயே முடித்துவிடுகிறது. தொழிற்சாலையில் செய்யும் செயற்கை ரப்பர்களில் மிகுதியாகப் பயன்படும் வகை இப்படிப் படிகமாவதில்லை. அதனால்தான் விமான டயர்களிலும் பெரிய லாரி டயர்களிலும் இன்றும் இயற்கை ரப்பருக்கே முதலிடம்.

இனி இரண்டாம் கேள்விக்கு வருவோம். கையால் இழுப்பதற்குப் பதிலாக, தொடாமலே ஒரு காந்தத்தைக் கொண்டு இழைகளை வரிசையில் நிறுத்த முடியுமா?

காந்தம் இரும்பை மட்டுமே தொடும் என்று நாம் நினைக்கிறோம். 1845இல் அதே ஃபாரடே அந்த எண்ணத்தை மாற்றினார். கண்ணாடி, மரம், தண்ணீர், ரப்பர் போன்ற பொருள்களையும் காந்தம் தொடுகிறது, ஆனால் இழுப்பதற்குப் பதிலாக மிக மெல்லத் தள்ளுகிறது என்று காட்டினார். தள்ளுவது அவ்வளவு மென்மையாக இருப்பதால் நம் கண்ணுக்கு அது தெரிவதில்லை.

இந்த மெல்லிய தள்ளுதலை அளந்து, அதைக்கொண்டே மூலக்கூறுகள் எந்தத் திசையில் படுத்திருக்கின்றன என்று கண்டு சொன்னவர்களில் முதல்வரிசையில் நிற்பவர் ஒரு தமிழர். அவர் கரியமாணிக்கம் ஸ்ரீனிவாச கிருஷ்ணன். தமிழ்நாட்டில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகே உள்ள வத்திராயிருப்பு என்ற ஊரில் 1898இல் பிறந்தவர். கல்கத்தாவில் சர் சி. வி. ராமனோடு சேர்ந்து உழைத்தவர். 1928இல் வெளியான ராமன் விளைவுக் கண்டுபிடிப்பில் அவருக்கும் பங்கு உண்டு. பிறகு டாக்கா பல்கலைக்கழகத்துக்குச் சென்று காந்த ஆராய்ச்சியில் இறங்கினார். 1947இல் டில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர் ஆனார். 1961இல் காலமானார்.

அவர் கையாண்ட முறை எளிமையானது. துணிப்பெட்டியில் போடுகிறோமே அந்துருண்டை, அது நாஃப்தலீன் என்ற பொருளால் ஆனது. அது போன்ற பொருள்களின் சிறு படிகத்தைத் தலைமயிரிலும் மெல்லிய ஒரு குவார்ட்ஸ் இழையில் கட்டித் தொங்கவிட்டார். இரு பக்கமும் வலுவான காந்தம். படிகம் மெல்லத் திரும்பியது. எவ்வளவு திரும்புகிறது என்பதை அளந்தார். எந்தப் பக்கமாகத் தொங்கவிட்டால் எவ்வளவு திரும்புகிறது என்று ஒப்பிட்டார். அதிலிருந்து, உள்ளே மூலக்கூறுகள் எப்படிச் சாய்ந்திருக்கின்றன என்பதைக் கணக்கிட்டார்.

படிகம் ஏன் திரும்பியது? நாஃப்தலீன் மூலக்கூறு, கார்பன் அணுக்கள் வட்டமாகக் கைகோத்து நிற்கும் வளையங்களால் ஆனது. காந்தப் புலம் வளையத்தின் முகத்தில் நேராகத் தாக்கினால் எதிர்ப்பு அதிகம். வளையம் பக்கவாட்டில் திரும்பிப் புலத்தோடு இணையாகப் படுத்தால் எதிர்ப்பு குறைவு. காற்றுக்கு எதிரே முறத்தைப் பிடித்துப் பாருங்கள். முகத்தைக் காட்டிப் பிடித்தால் காற்று தள்ளும். விளிம்பைக் காட்டிப் பிடித்தால் காற்று வழிவிட்டுப் போகும். அதுபோலவே வளையமும் விளிம்பைக் காட்டித் திரும்பப் பார்க்கிறது.

இங்கே அளவு என்ற ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூலக்கூறுகள் வெப்பத்தால் ஓயாமல் குலுங்குகின்றன. மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. படம் எடுக்கும் பெரிய இயந்திரத்தின் காந்தம் பொதுவாக ஒன்றரை டெஸ்லா அளவு. பூமியின் காந்தத்தைப் போல் முப்பதாயிரம் மடங்குக்கும் மேல். அவ்வளவு பெரிய காந்தமும் ஒரு தனி வளையத்தைத் திருப்பக் காட்டும் ஆற்றல், சாதாரண வெப்பக் குலுக்கலில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. காந்தத்தின் வலு பாதியானால் அந்த ஆற்றல் கால் பங்காகிவிடும். தனி மூலக்கூறு ஒன்று இந்தக் குலுக்கலின் நடுவே காந்தத்தின் சொல்லைக் கேட்பதே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் கிருஷ்ணனின் படிகம் மட்டும் எப்படித் திரும்பியது? ஆற்றில் தனித்தனியாக மிதக்கும் மூங்கில்கள் ஆளுக்கொரு பக்கம் சுழலும். அவற்றைத் தெப்பமாகக் கட்டிவிட்டால் ஒரு சிறு கழியால் தள்ளினாலும் தெப்பம் முழுவதும் திரும்பும். படிகத்தில் கோடானுகோடி மூலக்கூறுகள் கட்டுண்டு நிற்கின்றன. ஒவ்வொன்றின் மீதும் விழும் சிறு தள்ளுதல் எல்லாம் கூடிக் கண்ணுக்குத் தெரியும் விசையாகிறது.

இந்த உண்மையிலிருந்து, பாலிமர் இழைகளைக் காந்தத்தால் ஒழுங்குபடுத்துவதற்கு மூன்று நிபந்தனைகள் பிறக்கின்றன. முதலாவது, இழைகள் விறைப்பாகவும், தம்மிலேயே கூட்டங்கூட்டமாகச் சேர்ந்து நிற்பவையாகவும் இருக்க வேண்டும். திரவப் படிகம் என்று சொல்லப்படும் நிலையில் இப்படிக் கூட்டமாக நிற்கும். இரண்டாவது, அவை திரும்புவதற்கு இடம் வேண்டும். உருகியோ கரைந்தோ இருக்க வேண்டும். பள்ளியில் தாள்மேல் இரும்புத் தூளைத் தூவிக் கீழே காந்தம் வைத்தால், தாளை மெல்லத் தட்டினால்தான் தூள் நன்றாக வரிசைப்படுகிறது அல்லவா? அதுபோல. மூன்றாவது, திரும்பிய பிறகு காந்தத்தை எடுக்குமுன் உறைய வைத்துவிட வேண்டும். இல்லையென்றால் வரிசை உடனே கலைந்துவிடும்.

இம்மூன்றும் அமைந்தால் நல்ல பலன் கிடைக்கிறது. வளையங்கள் கோத்த விறைப்பான பாலிமர்களை உருகிய நிலையில் வலுவான காந்தப் புலத்தில் வைத்து ஆறவிட்டால், இழைகள் ஒரே திசையில் அமைகின்றன. அந்தத் திசையில் பொருள் உறுதி பெறுகிறது. நம் காயத்தில் ரத்தம் உறையும்போது ஃபைப்ரின் என்ற இழைகள் வலைபோல் பின்னிக்கொள்கின்றன. அந்த இழைகளை வலுவான காந்தப் புலத்தில் உருவாகச் செய்தால் ஒரே திசையில் வரிசையாக அமைகின்றன என்று 1981இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். தசைநாரில் உள்ள கொலாஜன் இழைகளையும் இவ்வாறு அடுக்க முடிகிறது. அறுந்த நரம்புகள் வளர்வதற்கு வழிகாட்டும் தடமாக அது உதவுமா என்று ஆய்வுக்கூடங்களில் முயன்றிருக்கிறார்கள்.

நம் ரப்பர் மட்டும் ஏன் இந்த வரிசையில் சேரவில்லை? அதன் இழையில் வளையங்கள் இல்லை. இழையோ கொடிபோல் நெளிவது. கூட்டமாக விறைத்து நிற்பதும் இல்லை. ஆகவே காந்தத்தின் சொல் அதன் காதில் ஏறுவதில்லை. ரப்பர் இழைகளை வரிசையில் நிறுத்தக் கையால் இழுப்பதே வழி. ஆனால் வேறொரு வழியில் ரப்பரும் காந்தமும் கைகோக்கின்றன. இரும்புத் தூளை ரப்பரில் கலந்து, காந்தப் புலத்தில் வைத்துக் கந்தகத்தோடு சூடேற்றினால், தூள்கள் மணிமாலைபோல் வரிசைப்பட்டு அப்படியே பதிந்துவிடுகின்றன. இங்கே வரிசைப்படுவது தூள்தானே தவிர ரப்பர் இழை அன்று. இந்த ரப்பரின் அருகே மின்காந்தத்தை இயக்கினால் அது விறைக்கிறது, நிறுத்தினால் இளகுகிறது. அதிர்வைத் தாங்கும் உறுப்புகளுக்கு இது பயன்படும் என்று ஆராய்கிறார்கள். நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களிலும் இயற்கை ரப்பரைக் கொண்டு இந்த ஆய்வு நடந்திருக்கிறது.

இப்போது, நான் முதலில் சொன்ன காந்தக் காப்பு வியாபாரத்துக்கு வருவோம். காப்பு அணிந்தால் ரத்தத்தில் உள்ள இரும்பைக் காந்தம் இழுத்து ஓட்டத்தைச் சீராக்கும் என்கிறார்கள். காந்தம் வைத்த குவளையில் ஊற்றிய தண்ணீரின் மூலக்கூறுகள் ஒழுங்காகிவிடும், குடித்தால் நோய் தீரும் என்கிறார்கள். மூட்டுவலியோடு உழைக்கும் அம்மாவும் பாட்டியும் ஒரு மாதச் சேமிப்பைக் கொடுத்து வாங்கிவிடுகிறார்கள்.

நாம் கண்ட மூன்று நிபந்தனைகளை இங்கே வைத்துப் பாருங்கள். தண்ணீர் மூலக்கூறு விறைத்த இழையா? இல்லை, மிகச் சிறியது. கூட்டமாகக் கட்டுண்டு நிற்கிறதா? இல்லை, ஒரு நொடியில் கோடியில் ஒரு பங்கு நேரத்துக்குள் பலமுறை திசை மாறிவிடும். காந்தத்தை எடுத்த பின் உறைய வைக்கிறோமா? இல்லை, ஊற்றிக் குடிக்கிறோம். மூன்றும் பொய்த்துப் போகின்றன. ரத்தத்தில் உள்ள இரும்பு, ஆணியில் உள்ள இரும்பைப்போல் காந்தத்தில் ஒட்டுவதன்று. உயிர்க்காற்றை ஏற்ற ரத்தத்தைக் காந்தம் மெல்லத் தள்ளவே செய்கிறது. இது 1936ஆம் ஆண்டிலிருந்தே அறிந்த உண்மை. காந்தம் ரத்தத்தைப் பிடித்து இழுக்குமானால், எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் படுத்த நோயாளி என்ன ஆவார் என்று எண்ணிப் பாருங்கள். காந்தக் காப்பு வலியைத் தீர்க்கிறதா என்று மருத்துவ ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்ததிலும் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

ஆகவே தாய்மார்களே, விற்பவர் வந்தால் கோபப்பட வேண்டியதில்லை. அமைதியாகக் கேளுங்கள். இந்தக் காந்தம் எதைத் திருப்புகிறது? எவ்வளவு விசையில் திருப்புகிறது? திரும்பியது கலையாமல் எப்படி நிற்கிறது? பதில் இல்லையென்றால் பணத்தை முந்தானையிலேயே முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். மூட்டுவலிக்குக் கிளினிக்குக்குச் செல்லுங்கள். நீரிழிவுக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மருத்துவர் கொடுத்த மாத்திரையைக் காப்பை நம்பி நிறுத்திவிடாதீர்கள். இருதயத்தில் மின்கருவி பொருத்தியவர்கள் வலுவான காந்தத்தை நெஞ்சருகே கொண்டுபோகவே கூடாது.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வார்த்தை. வத்திராயிருப்பு ஒரு சிற்றூர். அங்கே பிறந்த பிள்ளை, இழையில் தொங்கிய ஒரு படிகத்தைப் பொறுமையாகப் பார்த்து, கண்ணுக்கு எட்டாத மூலக்கூறு எப்படிப் படுத்திருக்கிறது என்று உலகத்துக்குச் சொன்னார். உங்கள் கையில் ரப்பர் வளையம் இருக்கிறது. பள்ளியில் காந்தமும் இரும்புத் தூளும் இருக்கின்றன. செய்து பாருங்கள். செய்ததை நோட்டில் எழுதுங்கள். ஏன் என்று கேளுங்கள், எவ்வளவு என்றும் கேளுங்கள். ஏன் என்று கேட்பதோடு நின்றுவிட்டால் அழகான கதை எதையும் நம்பிவிடுவோம். எவ்வளவு என்றும் கேட்டால்தான் உண்மையையும் கதையையும் பிரித்துப் பார்க்க முடியும்.

அடுத்த முறை விமானம் ஒன்று நம் தலைக்கு மேலே சத்தத்தோடு இறங்குவதைப் பார்த்தால், அதன் சக்கரம் தரையைத் தொடும் அந்த நொடியில் தாங்கி நிற்பது எது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ஒரு மரம் பட்டைக்குள் பிசகாமல் கோத்த இழை அது. விடியுமுன் எழுந்து, பட்டையைக் காயப்படுத்தாமல் அந்த இழையை இறக்கி எடுத்தது தோட்டத்துத் தொழிலாளியின் கை.